உங்கள் எம்.பி. தொகுதியின் வரலாற்றை நீங்களே எழுதுவது எப்படி: கன்னியாகுமரித் தொகுதியை வைத்து ஒரு வழிகாட்டி

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். 31 வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள், தேர்தல் வேலைக்கும் பலமுறை போனவள், டீச்சரிடம் கேட்டால் தெரியும் என்ற நம்பிக்கை. 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் அப்பா அம்மா பெயரைத் தேட வேண்டும். என்னிடம் படித்த ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "டீச்சரே, அப்பாவுக்க பேரும் இல்ல, அம்மைக்க பேரும் இல்ல. ஒரு தேர்தல் விடாம ஓட்டுப் போட்டவங்க. எப்படி இல்லாமப் போவும்?"

அவன் குரல் உடைந்திருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். சட்டமன்றத் தொகுதி என்ற இடத்தில் பத்மநாபபுரம் என்று போட்டிருந்தான். அவன் அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவன் குடும்பம் இருப்பது திருவட்டாறில். பழைய பட்டியல் எடுத்த காலத்தில் திருவட்டாறு என்றே தனியாக ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்த 2008 மறுவரையறையில் அது இல்லாமல் போனது. தொகுதிப் பெயரை மாற்றித் தேடினோம். பாகம் பாகமாகப் புரட்டி முக்கால் மணி நேரத்தில் அப்பா பெயர் வந்தது. அடுத்த வரியில் அம்மா.

நான் பல வருஷமாக ஒரு நீள நோட்டில் எங்கள் எம்.பி. தொகுதியின் எல்லையையும் ஓட்டுக் கணக்கையும் எழுதி வருகிறேன். அன்றைக்கு அந்த நோட்டுதான் கை கொடுத்தது. ஒவ்வொரு தொகுதியிலும் இப்படி ஒருவராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. எப்படி எழுதுவது, எங்கெல்லாம் சறுக்கும் என்பதை என் தொகுதியை வைத்தே சொல்கிறேன். உங்கள் தொகுதிக்கும் வேலை இதேதான்.

முதலில் எல்லை, அப்புறம்தான் ஓட்டு

பெரும்பாலோர் ஜெயித்தவர்களின் பெயர்ப் பட்டியலில் தொடங்குவார்கள். அப்படித் தொடங்காதீர்கள். எந்த நிலத்துக்கு அவர் எம்.பி. என்று தெரியாமல் பெயரை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியலை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

தேட வேண்டிய ஆவணம் ஒன்றுதான்: நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகள் மறுவரையறை ஆணை, 2008. தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதியில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் எந்தத் தாலுகா, எந்தப் பேரூராட்சி, எந்த வருவாய் கிராமம் என்று ஒன்று சொல்லும். எந்த ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்து ஒரு எம்.பி. தொகுதி என்று இன்னொன்று சொல்லும். எங்களுடையது 39-ஆம் எண், தமிழ்நாட்டின் கடைசி எண். உள்ளே இருப்பவை 229 கன்னியாகுமரி, 230 நாகர்கோவில், 231 குளச்சல், 232 பத்மநாபபுரம், 233 விளவங்கோடு, 234 கிள்ளியூர். ஆறும் ஒரே மாவட்டம். மாவட்டமும் எம்.பி. தொகுதியும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தி உட்காருவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உங்கள் தொகுதி இரண்டு மூன்று மாவட்டத்தில் கால் வைத்து நின்றால் மாவட்ட வாரியாகத் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

அந்த ஆணையை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதிலுள்ள தாலுகா, நகராட்சிப் பெயர்கள் அன்றைய நிலவரம். எங்கள் மாவட்டத்துக்கு அதில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாதான். பிற்பாடு திருவட்டாறும் கிள்ளியூரும் தனித் தாலுகா ஆகிவிட்டன. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் தொகுதி எல்லை இதற்காகவெல்லாம் நகராது. தாலுகா மாறியதால் தொகுதியும் மாறியிருக்கும் என்று நினைத்து எங்கள் பக்கம் எத்தனையோ பேர் குழம்புகிறார்கள். வருவாய்த் துறையின் கோடு வேறு, தேர்தல் கோடு வேறு. நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

2008-க்கு முன்னால் உங்கள் ஊர் எங்கே இருந்தது?

இந்தக் கேள்விக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நான் பிறந்தது கொட்டாரம். கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் பக்கம். கட்டிக்கொடுத்தது தக்கலையில். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ஆனால் 2004 வரைக்கும் என் அம்மா ஓட்டுப் போட்ட எம்.பி. தொகுதி வேறு, நான் போட்டது வேறு. அம்மாவுடையது திருச்செந்தூர்.

ஆமாம், திருச்செந்தூர். கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அன்றைக்கு ராதாபுரம், நாங்குநேரி, சாத்தான்குளம், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் ஆகியவற்றோடு சேர்ந்து திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தவை நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர். மாவட்டத்தில் மொத்தம் ஏழு சட்டமன்றத் தொகுதி. 2008-ல் திருவட்டாறு கலைந்து ஆறாகக் குறைந்தது. கன்னியாகுமரி மேற்கே வந்து மற்ற ஐந்தோடும் சேர்ந்தது. நாகர்கோவில் என்ற எம்.பி. தொகுதிப் பெயர் போய்க் கன்னியாகுமரி என்று ஆனது. 2009 தேர்தல்தான் இந்தப் புது எல்லையில் நடந்த முதல் தேர்தல்.

1998-ல் நான் தக்கலையில் ஓட்டுப் போட்டேன், எங்களுக்கு என். டென்னிஸ் என்பவர் எம்.பி. அதே தேர்தலில் கொட்டாரத்தில் அம்மாவுக்கு நடிகர் ராமராஜன் எம்.பி. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. "உனக்க எம்.பி. வேற, எனக்க எம்.பி. வேறயாக்கும்" என்று அம்மா சொல்வார். அந்த வாக்கியத்தைத்தான் நோட்டின் உள்ளட்டையில் எழுதியிருக்கிறேன்.

அதனால் நாகர்கோவிலின் 2004 ஓட்டுக்கணக்கையும் கன்னியாகுமரியின் 2009 ஓட்டுக்கணக்கையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவிட்டு, இந்தக் கட்சி இவ்வளவு ஏறியது, அது இவ்வளவு இறங்கியது என்று சொல்லக் கூடாது. கிழக்கே ஒரு சட்டமன்றத் தொகுதி முழுசாகப் புதிதாக வந்திருக்கிறது. நோட்டில் 2004-க்கும் 2009-க்கும் நடுவே நான் சிவப்பு மையில் தடிமனாகக் கோடு போட்டிருக்கிறேன். உங்கள் தொகுதிக்கும் அந்த இடத்தில் ஒரு கோடு கட்டாயம். 1970-களில் வரைந்த எல்லை அப்படியே முப்பது வருஷம் நின்றது, அதனால் 1977 முதல் 2004 வரை ஒரே மண், தைரியமாக ஒப்பிடலாம். அதற்கு முந்தைய தேர்தல்களை எல்லை தெரியாமல் தொடாதீர்கள்.

பழைய எல்லை எங்கே கிடைக்கும்? 1976 மறுவரையறை ஆணையும் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. அச்சு மங்கல், பொறுமை வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. 2004 தேர்தலின் புள்ளிவிவர அறிக்கையில் எம்.பி. தொகுதியின் கீழே சட்டமன்றத் தொகுதி வாரியாக ஓட்டு இருக்கும். அந்த ஆறு பெயரைக் குறித்தாலே எலும்புக்கூடு வந்துவிடும்.

ஜெயித்தவர் பட்டியல்: எங்களுடையது இருபது வரி

இனி பெயர்களை எழுதலாம். ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஆணையம் ஒரு புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது, 1951-52 முதல். ஒவ்வொன்றிலும் உங்கள் தொகுதிப் பக்கத்தை மட்டும் எடுத்து நோட்டில் ஏற்றுங்கள். நான் அப்படி எழுதும்போது மூன்று இடத்தில் தடுமாறினேன். நீங்கள் தடுமாற வேண்டாம்.

ஒன்று, முதல் தேர்தல். சென்னை மாநிலப் பக்கத்தில் நாகர்கோவிலைத் தேடினால் கிடைக்காது. 1951-52-ல் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அந்த மாநிலத்தின் பக்கத்தில் பாருங்கள், நேசமணி ஜெயித்திருப்பார், கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிய கட்சி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. எல்லை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கும் கனம் அங்கிருந்து வருகிறது. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றுவிட்டது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். இதை எழுதாமல் எங்கள் தொகுதியின் கதை தொடங்காது. உங்கள் தொகுதியும் ஆந்திர எல்லையிலோ கர்நாடக எல்லையிலோ இருந்தால் தொடக்கத் தேர்தல்களுக்கு எந்த மாநிலத்தின் பக்கத்தில் தேட வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு, இடைத்தேர்தல். பொதுத்தேர்தல் அறிக்கைகளில் இடைத்தேர்தல் வராது. அந்த அறிக்கைகளை மட்டும் வைத்து எழுதினால் எங்கள் பட்டியலில் 1967-ல் நேசமணி, 1971-ல் காமராஜர் என்று வரும். நடுவே நடந்தது காணாமல் போய்விடும். நேசமணி 1968-ல் காலமானார். 1967 சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர், 1969 ஜனவரியில் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். ஊரே தோற்கடித்தவரை எங்கள் மக்கள் தூக்கி நிறுத்தினார்கள் என்று என் மாமனார் சாகும் வரைக்கும் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மும். இப்படி ஒரு வரியைத் தவறவிட்ட பட்டியலை நான் எங்கள் தொகுதியின் வரலாறு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாவது இடைத்தேர்தல் 2021-ல். எம்.பி.யாக இருந்த வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தார், அடுத்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. ஆணையத்தின் தளத்தில் இடைத்தேர்தல்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதையும் திறந்து பாருங்கள்.

மூன்று, கட்சிப் பெயர். 1969-ல் காமராஜர் நின்றது பிளவுபடாத காங்கிரசில். அந்த ஆண்டுக் கடைசியில் கட்சி உடைந்தது. 1971-ல் அவர் பழைய காங்கிரஸ், அறிக்கையில் என்.சி.ஓ. என்று மூன்றெழுத்து இருக்கும். அந்த முறை தமிழ்நாடு முழுக்கப் பழைய காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் இதுதான். டென்னிஸ் 1980-ல் காங்கிரஸ் (ஐ), 84, 89, 91 மூன்றும் காங்கிரஸ், 96-லும் 98-லும் தமிழ் மாநில காங்கிரஸ். "காங்கிரஸ்" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கினால் கதை கெட்டுவிடும். அறிக்கையில் உள்ள சுருக்கெழுத்தை அப்படியே ஒரு கட்டத்திலும், அதன் விரிவை அடுத்த கட்டத்திலும் எழுதுங்கள்.

இவற்றைச் சரிபார்த்த பிறகு எங்களுடைய இருபது வரி இது. நேசமணி 1952, தாணுலிங்க நாடார் 1957, மறுபடி நேசமணி 1962, 1967. காமராஜர் 1969, 1971. குமரி அனந்தன் 1977. அப்புறம் டென்னிஸ் ஆறு முறை. 1999 பொன். இராதாகிருஷ்ணன், பா.ஜ.க. 2004 பெல்லார்மின், மார்க்சிஸ்ட். சிவப்புக் கோடு. 2009 ஹெலன் டேவிட்சன், தி.மு.க. 2014 மறுபடி பொன். இராதாகிருஷ்ணன். 2019 வசந்தகுமார், 2021, 2024 இரண்டு முறையும் அவர் மகன் விஜய் வசந்த், மூன்றும் காங்கிரஸ்.

இந்த இருபதையும் ஒரு தடவை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனேன். தி.மு.க. ஒரே ஒரு முறை. அ.தி.மு.க. ஒரு முறைகூட இல்லை. பெண் ஒருவர்தான். அரை நூற்றாண்டு இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில் இருக்கும் தொகுதி இது. இதைக் கண்ட அன்றுதான் தொடர்ந்து எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் பட்டியலிலும் இதுபோல ஏதாவது கண்ணில் படும், அதை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

ஓட்டுக் கணக்கை எப்படிப் படிப்பது

ஜெயித்தவரின் ஓட்டையும் வித்தியாசத்தையும் மட்டும் எழுதினால் போதாது. குறைந்தது முதல் நாலு பேரின் ஓட்டும் வேண்டும். பக்கத்தில் அந்தத் தேர்தலில் யார் யாரோடு கூட்டணி என்று ஒரு கட்டம். எங்கள் நோட்டிலிருந்து நாலு தேர்தலைக் காட்டுகிறேன், ஆயிரத்துக்குச் சரிசெய்த எண்கள்.

2014: பா.ஜ.க. 3 லட்சத்து 73 ஆயிரம். காங்கிரஸ் 2 லட்சத்து 44 ஆயிரம். அ.தி.மு.க. 1 லட்சத்து 76 ஆயிரம். தி.மு.க. 1 லட்சத்து 18 ஆயிரம். பெரிய கட்சிகள் தனித்தனியாக நின்ற தேர்தல்.
2019: காங்கிரஸ் 6 லட்சத்து 27 ஆயிரம், பா.ஜ.க. 3 லட்சத்து 67 ஆயிரம். தி.மு.க.வும் இடதுசாரிகளும் காங்கிரசோடு, அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு.
2021 இடைத்தேர்தல்: காங்கிரஸ் 5 லட்சத்து 76 ஆயிரம், பா.ஜ.க. 4 லட்சத்து 38 ஆயிரம். அதே கூட்டணிகள்.
2024: காங்கிரஸ் 5 லட்சத்து 46 ஆயிரம், பா.ஜ.க. 3 லட்சத்து 66 ஆயிரம். அ.தி.மு.க. தனியாக.

நாலிலும் பா.ஜ.க. வேட்பாளர் ஒரே ஆள், பொன். இராதாகிருஷ்ணன். 2014-ல் அவர் ஜெயித்தார், 2019-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல் தோற்றார். செய்தித்தாளில் "அலை", "சரிவு" என்று போட்டார்கள். நோட்டில் பாருங்கள், அவருடைய ஓட்டு 3 லட்சத்து 73 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 67 ஆயிரம். ஆறாயிரம்தான் குறைந்திருக்கிறது. அவர் பக்கம் சரிவே இல்லை, எதிரே சிதறிக் கிடந்தது ஒன்று சேர்ந்தது. அது மட்டுமல்ல. 2014-ல் பா.ஜ.க.வும் அ.தி.மு.க.வும் வாங்கியதைக் கூட்டினால் ஐந்தரை லட்சம் வரும். 2019-ல் இருவரும் சேர்ந்து நின்றபோது வந்தது அதைவிட ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் குறைவு. கட்சிகள் கை கோத்தால் ஓட்டுகளும் கூடிவிடும் என்று காகிதத்தில் கூட்டிக் காட்டுகிறவர்களுக்கு எங்கள் தொகுதியின் இந்த இரண்டு வரியைக் காட்டலாம்.

ஆனால் இதை ஒரு விதியாக எழுதிவிடலாம் என்று நினைத்தபோது 2021 குறுக்கே வந்தது. அதே கூட்டணி, அதே வேட்பாளர், 70 ஆயிரம் ஓட்டு கூடுதல். அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து நடந்தது. அ.தி.மு.க. தொண்டர்கள் தங்கள் வேட்பாளர்களுக்காகத் தெருவில் இறங்கிய நாள், அதனால் அந்தத் தூண்டுதல் இந்த ஓட்டிலும் சேர்ந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. நோட்டில் கணிப்பைப் பென்சிலிலும் எண்ணைப் பேனாவிலும் எழுதுகிறேன். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீண்ட காலத்தை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம். ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல், அந்தத் தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை எங்கும் திடீரென எகிறியிருக்கும், அதைப் பார்த்து ஊர் பெருத்துவிட்டது என்று எழுதாதீர்கள். நோட்டா மக்களவைத் தேர்தலில் வந்தது 2014-ல்தான். அதற்கு முந்தைய வரிகளில் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள், பூஜ்யம் போட வேண்டாம்.

பூத் வரைக்கும் இறங்குவது: படிவம் 20

என் மனதுக்கு மிகப் பிடித்த வேலை இது. படிவம் 20 என்பது இறுதி முடிவுத் தாள். வாக்குச்சாவடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நெடுக்குக் கட்டம். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அண்மைத் தேர்தல்களுக்கு இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல இடங்களில் பெட்டிகளைக் கலந்துதான் எண்ணினார்கள், அதனால் பூத் கணக்குக்கு ரொம்பப் பின்னால் போக முடியாது. நாடு முழுக்க இயந்திரம் வந்த 2004-ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

எம்.பி. தேர்தலுக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் ஆறு தனித் தாள் இருக்கும். ஆறையும் கூட்டினால் அறிவித்த மொத்தம் வராது, கொஞ்சம் குறையும். பயப்படாதீர்கள், தபால் ஓட்டுகள் தனி. நான் முதல்முறை இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணி வரை கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

2021-க்கு எங்கள் தொகுதியில் ஒரே பூத்துக்கு இரண்டு தாள், சட்டமன்றத்துக்கு ஒன்று, மக்களவைக்கு ஒன்று. 2024-ல் விளவங்கோட்டிலும் அப்படி, சட்டமன்ற இடைத்தேர்தல் அன்றே நடந்தது. தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுத்தால் மாறிப்போகும். ஒழுங்காகப் படித்தாலோ, ஒரே தெரு ஒரே நாளில் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு விதமாகவும் எம்.பி.க்கு இன்னொரு விதமாகவும் போட்டிருப்பது வரி வரியாகத் தெரியும்.

பூத் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் எண் மாறும். இந்தப் பள்ளிக்கூடம், கிழக்குப் பார்த்த கட்டடம், இன்னின்ன தெரு என்று எழுதுங்கள். அந்தத் தகவல் வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பூத் வரிகளைப் பார்த்ததும் இது இன்ன சாதி பூத், இது இன்ன மத பூத் என்று முத்திரை குத்தத் தோன்றும். எங்கள் மாவட்டத்தில் ரொம்பவே தோன்றும். செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பூத்தில் ஆயிரம் பேர். நான் தலைமை அலுவலராக உட்கார்ந்த சாவடிகளில் வரிசையைப் பார்த்திருக்கிறேன், எல்லாரும் கலந்துதான் நிற்பார்கள். அதற்குப் பதிலாக நிலத்தை வைத்துப் பிரியுங்கள். நான் கடற்கரை, நாஞ்சில் நாட்டு வயல், ரப்பர் மலையோரம், நகரம் என்று நாலாகப் பிரித்திருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்ததில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. 2019-க்கான கடற்கரை வரிகளை நான் வாசிக்கும்போது அந்த வீடுகளின் வாசல்தான் கண்ணுக்குள் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

காகிதத்தில் இல்லாதது

வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் படிவம் 17சி எழுதி, மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று கையெழுத்துப் போட்டு, கட்சிகளின் முகவர்களுக்கு நகல் கொடுப்பார். நானும் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், விரல் நுனியெல்லாம் அரக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில் கூட்டிச் சரிபார்த்து எழுத வேண்டும். அந்த நகலை என்ன செய்வார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கத்தில் வயதான ஒரு முகவர் இருக்கிறார். நான் நோட்டு எழுதுவதைக் கேள்விப்பட்டு ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே 2004 முதல் அவர் உட்கார்ந்த எல்லாச் சாவடிகளின் நகல்களும். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் அன்றைக்கு மழையா வெயிலா, எத்தனை மணிக்குக் கூட்டம் வந்தது, யார் சண்டை போட்டது என்று குறிப்பு. 2009 தாளின் முதுகில் "புதுத் தொகுதி" என்று மட்டும் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். நான் சிவப்பு மையில் கோடு போட்ட அதே இடம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு டின் இருக்கும். கட்சி பார்க்காமல் எல்லா முகவர்களிடமும் கேளுங்கள். தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அங்கேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டு அவர்கள் கையில் திருப்பிக் கொடுங்கள். 17சி-யின் மொத்தமும் படிவம் 20-ல் அந்தச் சாவடிக்கான மொத்தமும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தாவிட்டால் உடனே முறைகேடு என்று கத்த வேண்டாம், நீங்கள் எடுத்த சாவடி எண் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு இரண்டு முறை அப்படித்தான் ஆனது.

நோட்டைத் தொடங்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஒரு சாவடிக்கு 1,200 பேருக்கு மேல் கூடாது என்று ஆணையம் முடிவெடுத்ததால் எங்கும் சாவடிகளைப் பிரித்துப் புது எண் கொடுத்திருக்கிறார்கள். மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பிலேயே உறைந்து நிற்கிறது, அந்தப் பூட்டு 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான். அதற்கப்புறம் எல்லைக்கோடுகள் மறுபடி நகரலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பூத்துக்குப் போய் வாருங்கள். பள்ளிக்கூடத்தின் பெயர், கட்டடம் எந்தத் திசை பார்த்தது, 2024-ல் என்ன எண், இப்போது என்ன எண், எந்தெந்தத் தெருக்கள். நோட்டின் முதல் பக்கத்துக்கு இந்த ஐந்து விவரம் போதும்.